தாகம் எடுக்கும்வரை காத்திருக்கலாமா?

(நமது பள்ளிவாசலில் நடைபெற்ற கோடைகால உடல்நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2024-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைக் காண மெரினா கடற்கரையில் பல இலட்சம் பேர் கூடினர். அவர்களுள் ஐவர் உயிரிழந்தனர். வெயிலின் தாக்கமே காரணம் என்று மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் தெரிவித்தார். அது கத்திரி வெயில் அன்று, புரட்டாசி மாதம். சில மணி நேரம் வெயிலில் நின்றோருக்கே இந்நிலை எனில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாள் முழுதும் உலைகளின் அருகே உழைக்கும் நம் சகோதரர்களைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டாமா?

வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் நீருடன் உப்பும் வெளியேறுகிறது. தாகம் எடுக்கும்போதே நீரிழப்பு தொடங்கியிருக்கும். முதியோருக்கோ தாக உணர்வே மங்கிவிடுகிறது. எனவே, "எனக்குத் தாகமில்லை" என்று அத்தாவும் அம்மாவும் கூறுவதை நம்பி நாம் வாளாவிருத்தல் கூடாது. கழிவறை வசதிக்கு அஞ்சி நீர் அருந்தாமலேயே பொழுதைக் கழிக்கும் பெண்களும் பள்ளி மாணவியரும் நம்மிடையே உள்ளனர். அவர்களையும் கேட்டறிய வேண்டும்.

சிறுநீர் அடர்மஞ்சளாகிக் குறைதல், வாய் உலர்தல், தலைவலி, எழும்போது தலைசுற்றல், தசைப்பிடிப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். குழந்தை கண்ணீரின்றி அழுதாலோ, கண்களும் உச்சிக்குழியும் குழிந்தாலோ உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வெயிலில் ஒருவர் மனம் குழம்பிப் பேசினாலோ மயங்கினாலோ 108-ஐ அழைத்து, நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும். மயங்கியவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

மருந்து எளியது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்ட அளவு தூய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாக அருந்த வேண்டும். அது கிடைக்காவிடில், ஒரு லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கலக்கலாம். உப்பு மிகுந்தால் தீங்காகும். சர்க்கரையும் உப்பும் சேரும்போதுதான் குடல் நீரை விரைந்து ஈர்க்கிறது. ஆகவேதான் இரண்டும் தேவை.

1971-இல் வங்காள அகதிகள் திரண்டிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மகலனபிஸ் இத்தகைய கரைசலையே டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. படித்த மருத்துவர் கைகள் மட்டுமல்ல, தாய்மார்களின் கைகளும் அங்கே உயிர் காத்தன.

நோன்பு காலத்தில் ஸஹர் நேரத்திலும் இஃப்தாருக்குப் பின்னரும் பிரித்துப் பிரித்து நீர் அருந்துவோம். நோயாளி வேறு நாட்களில் நோன்பை நிறைவேற்ற மார்க்கம் சலுகை அளித்துள்ளது. உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில் அச்சலுகையை ஏற்கத் தயங்கலாகாது. சர்க்கரை, இதய, சிறுநீரக நோயாளிகள் முன்கூட்டியே மருத்துவரிடம் நீரின் அளவைக் கேட்டறிக.

வீட்டுக்கு இரு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், வாசலில் ஒரு தண்ணீர்ப் பானை, தனித்து வாழும் முதியவரை நண்பகலில் ஒருமுறை நலம் விசாரித்தல்: இம்மூன்றையும் இக்கோடையில் நம் மஹல்லாவின் பொறுப்பாக ஏற்போம். வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.