முகத்தில் புள்ளியா, மங்கா?



ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் திருச்சிராப்பள்ளியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நம் நிழல் நம் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் பார்க்க நின்றவர்களுக்கு அந்த வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முகத்துப் புள்ளிகளுக்கும் அந்த வெயிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

வெயில் பட்டதும் தோலில் உள்ள நிறமி அணுக்கள் மெலனினைச் சுரக்கின்றன. புற ஊதாக் கதிருக்கு உடம்பு பிடிக்கும் குடை அது. சிலருக்கு அது சீராகப் பரவாமல் பொட்டுப் பொட்டாகச் சேர்ந்துவிடுகிறது. மூக்கிலும் கன்னத்திலும் சின்னஞ்சிறு பழுப்புப் புள்ளிகள் தெரியும். தடவினால் கையில் தட்டுப்படாது. குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும். கோடையில் கறுக்கும், மார்கழியில் வெளுக்கும். எம்.சி.1.ஆர். என்ற மரபணுவின் மாறுபாடு இதற்கு முக்கியக் காரணம். அதனால்தான் வெளிர் தோலும் செம்பட்டை முடியும் கொண்ட அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களிடம் இது சகஜம்; நம்மிடையே குறைவு. இது நோயல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது.

நம் ஊரில் அதிகம் காண்பது மங்கு. இரு கன்னங்களிலும், நெற்றியிலும், மேலுதட்டின் மேலும் கருந்திட்டுகளாகப் படரும். வெயில், கர்ப்ப காலம், கருத்தடை மாத்திரை, பரம்பரை எல்லாம் இதற்குக் காரணம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும் வெயில் புள்ளிகள் வேறு; அவை குளிர்காலத்திலும் மறையாது.

எதுவென்று தெரியாமலே பலர் மருந்துக் கடையில் க்ரீம் கேட்டு வாங்கிப் பூசுகிறார்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் முதலில் பளிச்சென்றிருக்கும். பிறகு தோல் மெலியும், சிவக்கும், பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் கருமை பழையபடி வந்துவிடும். பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதித்ததும் இதனால்தான்.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் தரையில் கடை விரிப்பவர்களே, காவிரிப் பாலத்தில் தினமும் வண்டியில் போய்வருபவர்களே, காலை பத்து முதல் மாலை நான்கு வரை குடையோ, தொப்பியோ, முந்தானையோ முகத்துக்கு நிழல் தரட்டும். முடிந்தவர்கள் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பூசலாம். ஒரு புள்ளி மட்டும் பெரிதானாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ தாமதிக்காதீர்கள். புத்தூர் அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தப் புள்ளி என்று அவர் சொன்ன பிறகு மருந்து பூசுங்கள்.