பிறிதுமொழிந்த பாடகர்



சொல்லக் கருதியதை மறைத்து, வேறொன்றைக் கூறி அதனை விளங்கவைப்பது பிறிதுமொழிதல் அணி. வகுப்பில் அதைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு மியன்மார் நாட்டுப் பாடகர் ஸேயார் தோவின் நினைவு வருகிறது.

அங்கே இராணுவ ஆட்சி. பாட்டு வரிகளும் தணிக்கைக்குத் தப்பாத காலம். 2000ஆம் ஆண்டில் அவரது ‘அசிட்’ குழு, பர்மிய மொழியின் முதலாவது ஹிப்ஹொப் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அரசைப் பெயர்சொல்லிச் சாடாமல், இளைஞர் வாழ்வின் இடர்களை அவர்களுடைய பேச்சிலேயே பாடினார்கள். கேட்டவர்களுக்கு உட்பொருள் விளங்கிற்று.

2007இல் பிக்குமார் வீதிக்கு இறங்கினர். இனி மறைபொருள் போதாது என்று கண்டார் போலும். நண்பர்களுடன் சேர்ந்து ‘தலைமுறை அலை’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2008இல் கைதானார். சட்டவிரோத அமைப்புக்காக 5 ஆண்டுகள்; வெளிநாட்டு நாணயம் வைத்திருந்தமைக்காக மேலும் ஓராண்டு. பிறிதுமொழிதல் அதிகாரத்துக்கும் கைவந்த கலைதான்!

2011இல் விடுதலையானார். மறு ஆண்டே இடைத்தேர்தலில் வென்று, ஆங் சான் சூகியின் கட்சி உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்தார். வென்ற தொகுதி இராணுவம் கட்டிய தலைநகரிலேயே இருந்தது.

2021 பெப்ரவரியில் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. அவ்வாண்டு நவம்பரில் பிடிபட்டார். அடுத்த ஜனவரியில் இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. அந்நாட்டில் பல தசாப்தங்களாக நிறைவேற்றப்படாதிருந்த தண்டனை அது. 1988 மாணவர் எழுச்சியில் நின்ற கோ ஜிம்மி உட்பட மூவரோடு அவரும் கொல்லப்பட்ட செய்தி, 2022 ஜூலை 25இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 41. உடல்களைக் குடும்பத்தாரிடம் கொடுக்கவில்லை.