காப்புரிமையைக் குறித்துச் சில வார்த்தைகள்



புதுத்தொழில் தொடங்கும் நம் வாலிபர்கள் யந்திரமொன்றைச் செய்து முடித்ததும் செய்யும் முதற்காரியம் யாது? பத்துப்பேருக்குக் காட்டுவதே! நம்மவருள் ஒருவர் தாம் இயற்றிய வாழைநார் உரிக்கும் யந்திரத்தை மனுச் செய்யுமுன்னரே சந்தையில் விற்றுவிட்டார். 1970ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, அங்ஙனம் வெளிப்பட்டது புதுமையுடையதன்று, உரிமை கிட்டாது. அவருடைய ஈராண்டு உழைப்பை இன்று அயலார் நகல் செய்து விற்கின்றனர். நாம் வாளா பார்த்திருக்கின்றோம்.

கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரணத்தை முன்னரே தாக்கல் செய்து, 12 மாதத்துள் முழு விவரணத்தை அளித்திருக்கலாம். பரிசீலனையில் தேறி, வருஷக் கட்டணமுஞ் செலுத்திவரின், மனு நாள்தொட்டு 20 வருஷம் உரிமை நிலைக்கும். பெருங் கம்பெனிகள் இணையவழி மனுவுக்கு 8,000 ரூபாய் கட்டுமிடத்து, தனிமனிதருக்கும் பதிவுபெற்ற புதுத்தொழிலாளருக்கும் 1,600 ரூபாயே. (வக்கீல் கூலி வேறு, அதைக் கண்டே நம்மவர் அஞ்சுகின்றனர்!)

அவ்விளைஞர் இப்போது இரண்டாம் யந்திரத்தில் முனைந்திருக்கின்றார். அதனை நாமும் இன்னும் பார்த்ததில்லை.