எபிசோட் 41: கர்னல்கிட்டேர்ந்து கார்டைப் பிடுங்கின ராத்திரி

டிபிடிகே செட்டப் பண்றது எப்படின்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஆவணத்துல இருக்கறதை அப்படியே வாசிச்சுக் காட்ட எனக்கு விருப்பமில்லை. நான் முதல் தடவை செட்டப் பண்ணினப்போ என்ன ஆச்சுன்னு சொல்றேன். அதுக்குள்ளேயே பாதி செட்டப் வந்துடும்.

முதல்ல, இது எதுக்குன்னு ஒரு கணக்கு. 10 ஜிகாபிட் லிங்க்ல ரொம்பச் சின்ன ஃப்ரேம், அதாவது 64 பைட், வரிசையா வந்துட்டே இருந்தா செகண்டுக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கிற நேரம் 67 நானோ செகண்ட். 3 கிகாஹெர்ட்ஸ் கோர்ல இது சுமார் 200 சைக்கிள். மெயின் மெமரிக்கு ஒரு தடவை போயிட்டு வந்தாலே அந்த 200 தீர்ந்துடலாம். லினக்ஸ் கர்னல் என்ன பண்ணுது? இன்ட்டரப்ட் வாங்குது, பாக்கெட்டுக்குன்னு ஒரு பெரிய ஸ்ட்ரக்சர் உருவாக்குது, ஃபயர்வால், ரூட்டிங் எல்லாம் பார்க்குது, கடைசியில நம்ம புரோகிராமோட மெமரிக்குக் காப்பி பண்ணுது. வெப் சர்வருக்கு இது தாராளமாப் போதும். நாங்க பண்ணிட்டு இருந்தது வேற. டிஎன்எஸ் டிராஃபிக்ல தாக்குதல் மாதிரி ஏதாவது வந்தா வடிகட்டுற ஒரு பாக்ஸ். தாக்குறவன் அனுப்பறது பெரும்பாலும் சின்னச் சின்ன பாக்கெட்தான்.

அதனால கர்னலையே ஓரமா வச்சுட்டு, கார்டோட நம்ம புரோகிராம் நேரடியாப் பேசறது. இன்டெல்ல 2010 வாக்குல ஆரம்பிச்சு, 2013ல திறந்த மூலத் திட்டமாகி, 2017ல லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ வந்ததுதான் டிபிடிகே. இதோட தந்தைன்னு எல்லாரும் சொல்றது வெங்கி வெங்கடேசனை. அவர் 2018ல காலமானார். அந்த வருஷம் வந்த 18.05 வெளியீட்டுக்கு ‘வெங்கி’ன்னே பேர் வச்சாங்க.

இப்போ அந்த ராத்திரிக்கு வர்றேன். நான் வேளச்சேரில, வீட்ல. சர்வர் அம்பத்தூர் பக்கம் ஒரு டேட்டா சென்டர்ல. அதுல ரெண்டு போர்ட் இருக்கற 10 ஜிகாபிட் கார்டு ஒண்ணு. முதல் போர்ட் வழியாத்தான் நாங்க எஸ்எஸ்எச்ல உள்ள போவோம். சர்வரை ரேக்குல ஏத்தின அன்னைக்கு யாரோ ‘தற்காலிகமா’ அப்படி மாட்டினாங்களாம். தற்காலிகம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். ரெண்டாவது போர்ட் சும்மா கிடந்தது. அதைத்தான் டிபிடிகேவுக்கு எடுக்கணும்.

பயாஸ்ல ஐஓஎம்எம்யு ஆன். கர்னல் பூட் வரியில ‘இன்டெல்_ஐஓஎம்எம்யு=ஆன்’. இந்த ஐஓஎம்எம்யு ஏன் முக்கியம்னா, கார்டு மெமரில நேரடியா எழுதும். எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாதுன்னு தடுக்க நடுவுல ஒரு ஆள் வேணும். விஎஃப்ஐஓன்னு ஒரு டிரைவர் இருக்கு. அது ஐஓஎம்எம்யுவை வச்சுக்கிட்டுதான் கார்டை நம்ம புரோகிராம் கையில பத்திரமாக் கொடுக்குது.

அடுத்தது ஹியூஜ்பேஜ். சாதாரண பேஜ் 4 கேபி. 1 ஜிபி மெமரிக்கு 2 லட்சத்து 62 ஆயிரத்துச் சொச்சம் பேஜ் ஆகும். எந்த பேஜ் எங்கே இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கற டிஎல்பி ரொம்பச் சின்னது, அத்தனையும் அதுல நிக்காது. 2 எம்பி பேஜா வச்சா அதே 1 ஜிபிக்கு 512 போதும். அதையும் ஒதுக்கியாச்சு. ரெண்டாவது போர்ட்டை ‘டிபிடிகே-டெவ்பைண்ட்’ வச்சு விஎஃப்ஐஓவுக்கு மாத்தினேன். ஒரு முனகலும் இல்லாம மாறிடுச்சு. டெஸ்ட்பிஎம்டின்னு கூடவே வர்ற சோதனை புரோகிராமை ஓட்டினேன். எரர். ‘விஎஃப்ஐஓ குரூப் இஸ் நாட் வயபிள்.’

ஐஓஎம்எம்யு ஒவ்வொரு டிவைஸையும் தனித்தனியாப் பார்க்கறதில்லை. ஒண்ணோட ஒண்ணு நேரடியாப் பேசிக்க வாய்ப்பு இருக்கற டிவைஸை எல்லாம் ஒரே குரூப்ல போட்டுடும். எது எதோட சேரும்ங்கறது போர்டு, ஸ்லாட்டைப் பொறுத்தது. குரூப்ல ஒண்ணு நம்ம கையிலயும் இன்னொண்ணு கர்னல் கையிலயும் இருந்தா பாதுகாப்புக்கு அர்த்தமே இல்லைன்னு விஎஃப்ஐஓ மறுத்துடும். எங்க கார்டோட ரெண்டு போர்ட்டும் ஒரே குரூப். ரெண்டையும் கொடுக்கணும், இல்லைன்னா ஒண்ணும் கிடையாது.

ஒரு நண்பன்கிட்ட மெசேஜ்ல கேட்டேன். “ஐஓஎம்எம்யுவை அணைச்சுட்டு நோ-ஐஓஎம்எம்யு மோட்ல ஓட்டுடா, எல்லாம் வேலை செய்யும்”னான். வேலை செய்யும்தான். ஆனா அந்த மோடை ஆன் பண்ற பேராமீட்டரோட பேர்லயே ‘அன்சேஃப்’னு போட்டிருக்காங்க. கார்டு எந்த மெமரில வேணாலும் எழுதலாம். வேண்டாம்னுட்டேன். அதுல அவ்வளவு ஜாக்கிரதை, பாருங்க.

மணி 12:40. முதல் போர்ட்டை பைண்ட் பண்ணினேன். டெவ்பைண்ட் மறுத்துடுச்சு: ரூட்டிங் டேபிள்படி இந்த இன்டர்ஃபேஸ் உபயோகத்துல இருக்கு, நான் தொட மாட்டேன். இதைவிடத் தெளிவா ஒரு ஸ்கிரிப்ட் எப்படிச் சொல்லும்? நான் அதை வாசிக்கவே இல்லை. அன்னைக்கு அது எனக்குப் பத்தாவது எரர். கை தானா மேல் அம்புக்குறியை அழுத்தி, கடைசியில ‘--ஃபோர்ஸ்’ போட்டு, என்டர்.

கர்சர் அப்படியே நின்னுடுச்சு.

கார்டு விஎஃப்ஐஓவுக்குப் போனதும் கர்னலைப் பொறுத்தவரை அந்த இன்டர்ஃபேஸே கிடையாது. ஐபி இல்லை, ரூட் இல்லை, எஸ்எஸ்எச் இல்லை. ஐபிஎம்ஐ இருந்ததுதான், ஆனா அதுக்கு யாரும் கேபிள் மாட்டல. டேட்டா சென்டருக்கு போன் போட்டேன். ஷிஃப்ட்ல இருந்தவர் ரொம்பப் பொறுமையாப் பேசினார். “சார், மானிட்டரும் கீபோர்டும் கொண்டு போய் மாட்டட்டுமா? நீங்க சொல்லச் சொல்ல அடிக்கிறேன். இல்ல ரீபூட் பண்ணிடவா?”

மானிட்டர் மாட்டியிருந்தா ஒரே ஒரு கமாண்ட்தான், முதல் போர்ட்டைப் பழைய டிரைவருக்குத் திருப்பிக் கொடுக்கறது. அதுக்கு நான் போன்ல ரூட் பாஸ்வேர்டைச் சொல்லணும். தயக்கம். அது நியாயமான தயக்கம்தான், ஆனா காலையில மாத்திக்கிட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லணும்னா, நான் பண்ணின முட்டாள்தனத்தை ஒரு ஆள் திரையில பார்த்துட்டு இருக்கறதும் எனக்குப் பிடிக்கல. டெவ்பைண்ட் பண்ற மாற்றம் ரீபூட்ல காணாமப் போயிடும்னு தெரியும். “ரீபூட் பண்ணிடுங்கண்ணே”ன்னேன். ஆறே நிமிஷத்துல சர்வர் வந்துடுச்சு. நிம்மதியாத் தூங்கினேன்.

காலையில ஆபீஸ்ல பக்கத்து சீட் தம்பி சர்வர்ல லாகின் பண்ணிட்டு ஸ்கிரீனையே பார்த்துட்டு இருந்தான். அதே சர்வர்ல மூணு நாளா அவனோட சோக் டெஸ்ட் ஓடிட்டு இருந்திருக்கு. மெமரி லீக் இருக்கா இல்லையான்னு வெள்ளிக்கிழமை கஸ்டமருக்குச் சொல்லணும். அன்னைக்கு வியாழன். நெட்வொர்க் போனது அந்த டெஸ்ட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை, அது உள்ளுக்குள்ளேயே ஓடற டெஸ்ட். அதைக் கொன்னது ரீபூட். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. “அண்ணா, ராத்திரி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல, நான் முழிச்சுட்டுதான் இருந்தேன்”னான். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கஸ்டமர் கால்ல டெஸ்ட் ஏன் முடியலன்னு அவன் விளக்கறதுக்கு முன்னாடி நானே பேசி ஒத்துக்கிட்டேன். கஸ்டமர் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார், கொஞ்சம் குளிர்ந்த குரல்ல.

இப்போ நான் எதையும் பைண்ட் பண்றதுக்கு முன்னாடி ‘ஐபி ரூட்’ அடிச்சு நான் எந்த போர்ட் வழியா வந்திருக்கேன்னு பார்ப்பேன், ‘ஹூ’ அடிச்சு வேற யார் உள்ள இருக்காங்கன்னு பார்ப்பேன், சிஸ்எஃப்எஸ்ல ஐஓஎம்எம்யு குரூப்பைப் பார்ப்பேன். டீம் சாட்ல ஒரு வரியும் போடுவேன். நாலும் சேர்ந்து ரெண்டு நிமிஷம்.

மிச்சக் கதை. எஸ்எஸ்எச்சை மதர்போர்டிலேயே இருக்கற 1 ஜிகாபிட் போர்ட்டுக்கு மாத்தினோம். ஐபிஎம்ஐக்கும் கேபிள் வந்தது. கார்டை வேற ஸ்லாட்டுக்கு மாத்தினதும் ரெண்டு போர்ட்டும் தனித்தனி குரூப் ஆயிடுச்சு. டெஸ்ட்பிஎம்டி ஓடிச்சு. ஆனா லைன் ரேட் பக்கத்துலகூட வரல. ரெண்டு நாள் கோடைக் குடைஞ்சேன். கடைசியில பார்த்தா, புது ஸ்லாட் ரெண்டாவது சிபியு சாக்கெட்டோட சேர்ந்தது, நான் கொடுத்த கோர் எல்லாம் முதல் சாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு சாக்கெட்டைத் தாண்டி வந்துட்டு இருந்தது. கார்டோட ‘நூமா_நோட்’ ஃபைலைப் பார்த்து, அதே சாக்கெட்ல கோரும் ஹியூஜ்பேஜும் கொடுத்ததும் சரியாயிடுச்சு. 200 சைக்கிள் பட்ஜெட்ல பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வர நேரமில்லை.

அப்புறம் மானிட்டரிங் டீம்லேர்ந்து அலர்ட்: சிபியு 100 சதவீதம். (சிரிப்பு) அது அப்படித்தாங்க. இன்ட்டரப்ட்ங்கறது காலிங் பெல் மாதிரி, அடிச்சா எழுந்து போவோம். டிபிடிகேவோட போல் மோட் டிரைவர் வாசல்லயே நின்னு “வந்துடுச்சா, வந்துடுச்சா”ன்னு பார்த்துட்டே இருக்கும். ஒரு பாக்கெட்கூட வரலைன்னாலும் அந்த கோர் முழுசா ஓடும். நல்ல ஏசி ரூமுக்கு வேலை வைக்கிற டிசைன்.

இன்னொண்ணு, பிங் அடிச்சா பதில் வராது. கேபிள் போச்சோன்னு நான் ஒரு மணி நேரம் தேடினேன். ஏஆர்பிக்குப் பதில் சொல்றதே கர்னல்தான், அதை நாம வெளிய அனுப்பிட்டோம். டெஸ்ட்பிஎம்டில ‘ஐசிஎம்பிஎக்கோ’ன்னு ஒரு ஃபார்வர்டிங் மோட் இருக்கு, அதைப் போட்டா பிங்குக்குப் பதில் வரும். டிசிபிடம்ப்லயும் எதுவும் தெரியாது, அதுக்கு ‘டிபிடிகே-டம்ப்கேப்’ இருக்கு. கர்னல் சத்தமில்லாம பண்ணிட்டு இருந்த ஒவ்வொரு வேலையையும் இப்படி ஒண்ணொண்ணா நாமளே கட்டிக்கணும்.

மெல்லனாக்ஸ் கார்டு வச்சிருக்கறவங்க கவனிங்க. எம்எல்எக்ஸ்5 டிரைவருக்கு இந்த விஎஃப்ஐஓ பைண்ட் வேண்டவே வேண்டாம். கார்டு கர்னல்கிட்டேயே இருக்கும், டேட்டா மட்டும் நேரா உங்க புரோகிராமுக்கு வரும். 2018ல லினக்ஸ் 4.18ல வந்த ஏஎஃப்-எக்ஸ்டிபியும் கார்டைக் கர்னல்கிட்டேயே விட்டுட்டு வேலை செய்யும். உச்ச வேகம் பொதுவா டிபிடிகே அளவுக்கு வராது. எங்க பாக்ஸுக்கு அது போதுமாங்கறதைத்தான் இப்போ அளந்துட்டு இருக்கோம், அடுத்த எபிசோட் அதைப் பத்தி. அளக்கறது அந்தத் தம்பி. இந்தத் தடவை சர்வர் அவன் பேர்ல புக் ஆகியிருக்கு, ரூட் பாஸ்வேர்டை என்கிட்ட இன்னும் கொடுக்கல.