திருநாளிலும் தீயின் முன் நிற்போர்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தீயைத் தெய்வமாகப் போற்றும் மரபு நம்முடையது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீர் கொண்டு விளக்கேற்றும் வழக்கத்தைக் கண்டு கைகூப்புகின்றோம். கார்த்திகையில் வாசல்தோறும் தீபம் ஏற்றுகின்றோம். அந்தத் தீயே எல்லை மீறி எழும்போது அதன் முன் சென்று நிற்பவரை நாம் எத்தனை தடவை நினைத்திருக்கின்றோம்?

2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று இவ்வூரில் தீயணைப்பு நிலையம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வரவேண்டியிருந்தது. கடைகள் சாம்பலாயின. அதன் பின்னரே கரைச்சிப் பிரதேச சபையின் கீழ்த் தீயணைப்புப் பிரிவு அமைந்தது. இன்று 110 என்ற இலக்கத்தை அழைத்தால் தீயணைப்புச் சேவை கிடைக்கும் என்று எண்ணி நிம்மதியாக உறங்குகின்றோம். நாம் உறங்க ஒருவர் விழித்திருக்கிறார்.

சோளகம் வீசும் காலத்தில் வன்னியின் புல்லும் பற்றையும் காய்ந்து கிடக்கும். குப்பைக்கு வைத்த சிறு தீ காட்டோரம் ஏறிவிடும். போர் நடந்த இந்நிலத்தில் வெடிபொருள் புதைந்திருக்கவும் கூடும். மழைக்காலம் வந்தாலும் ஓய்வில்லை. தீபாவளியும் பொங்கலும் புத்தாண்டும் பட்டாசோடு வருகின்றன. நமக்கு விடுமுறை, அவருக்குக் காவல்.

உலகின் மறுகோடியிலும் இதே கதைதான். அவுஸ்திரேலியாவில் டிசெம்பர் மாதம் கோடை. 2019ஆம் ஆண்டு அங்கே பெருங்காடுகள் எரிந்தன. டிசெம்பர் 19ஆம் நாள், நத்தாருக்கு ஆறு நாள் முன்னர், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மரமொன்று வீழ்ந்து தீயணைப்பு வண்டி கவிழ்ந்தது. இரு தொண்டர்கள் மாண்டனர். இருவரும் சிறு குழந்தைகளின் தந்தையர். ஆயினும் நத்தார் நாளிலும் தொண்டர் பலர் தீயின் முன் நின்றனர். அவர்கள் சம்பளம் பெறாதவர்கள். அவ்வாண்டு முடிவில், இழந்த ஊதியத்துக்கு ஈடு தருவதாக அரசு அறிவித்தது. நல்லதே. ஆனால் பணம் ஈடு செய்வது ஊதியத்தை மட்டுமே.

தீ அணைந்தபின்னும் உடல் அதனை உடனே நம்புவதில்லை. அபாயம் இன்னும் உண்டென்றே விழித்திருக்கும். உறக்கம் கெடும், சிறு சொல்லுக்கும் கோபம் மூளும், அடுப்புப் புகை மணத்தாலும் நெஞ்சு படபடக்கும். சிலர் மதுவை நாடுவர். பண்டிகை நாளில் இந்தப் பாரம் கூடும். வீட்டார் சிரிக்கும்போது தாம் மட்டும் சிரிக்க முடியவில்லையே என்று உள்ளம் குமையும். 'என்னால் காப்பாற்ற முடியாமற் போயிற்றே' என்ற எண்ணம் அப்போதுதான் மேலெழும். இது கோழைத்தனமன்று, காயம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் தம் நூலுக்கு 'மனவடு' என்று பெயரிட்டார். அச்சொல்லின் பொருளை வன்னி மக்களாகிய நமக்கு விளக்கவும் வேண்டுமோ? போரின் நடுவே பிள்ளைப்பருவத்தைக் கழித்த தலைமுறையே இன்று இவ்வூரில் தொழில் செய்கின்றது. பட்டாசுச் சத்தம் எல்லாக் காதுக்கும் ஒரேவிதமாகக் கேட்பதில்லை.

ஆதலின் இளைஞர்களே, 'வீரர்' என்று மாலை சூட்டிவிட்டு வீடு திரும்புவது போதாது. வீரர் என்று பெயர் வைத்துவிட்டால், அவர் தம் துயரை எவரிடம் சொல்வார்?

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் மூன்று செயல்களைக் கூறுகின்றது: பார்த்தல், கேட்டல், இணைத்தல். அவற்றை நம் ஊர் வழியிலே செய்வோம். தீபாவளி இரவிலும் பொங்கற் காலையிலும் நிலையத்துக்கு உணவு கொண்டு செல்வோம்; அவர்தம் வீட்டுக்கும் ஒரு பங்கு அனுப்புவோம். இது பார்த்தல். அவர் பேசினால் இருந்து கேட்போம். பேசாவிடில் 'என்ன கண்டீர்?' என்று கிளறாது கூட இருப்போம். இது கேட்டல். உறக்கமின்மை நீடித்தால், வாழ்வே வெறுத்தது என்று அவர் சொன்னால், தாமதியாது மாவட்ட ஆஸ்பத்திரிக்குத் துணையாகச் செல்வோம். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கம் இரவு பகலாக இயங்குகின்றது; அதனையும் எழுதிக் கொடுப்போம். இது இணைத்தல்.

இன்னுமொன்று. பண்டிகை முடிந்த மறுவாரமும் போவோம். கூட்டம் கலைந்த பின்னரே தனிமை தொடங்குகின்றது.

பெரியோர்களே, கண் விழித்துக் கிடப்பவனை 'ஆம்பிளை அழலாமோ' என்று கடியாதீர்கள். உங்கள் ஒரு சொல் அவனைத் திறக்கவும் செய்யும், பூட்டவும் செய்யும்.

தொண்டு என்பது கோயில் வீதியோடு முடிவதன்று. வரும் தீபாவளிக்கு முன் இச்சங்கம் ஐந்து இளைஞரை இப்பணிக்கு நியமிக்க வேண்டும் என்று வேண்டி, எல்லாம் வல்ல இறைவன் திருவருளை வழுத்தி அமைகின்றோம்.