ஆலை வருமுன் கேட்க வேண்டிய கேள்வி



படித்த நம் இளைஞர்க்கு வேலை வேண்டும். இலத்திரனியல் உறுப்புகளைச் செய்யும் ஆலை நம் மாவட்டத்திற்கு வருமாயின், அதனை இருகரம் நீட்டி வரவேற்போம். ஆனால், புகையில்லை, இரைச்சலில்லை, ஆகவே அது தூய தொழில் என்று எவரேனும் சொல்வாராயின், அங்கே நாம் விழித்துக்கொள்ளல் வேண்டும்.

அத்தொழிலின் அழுக்கு வானில் எழுவதிலும் பார்க்க நீரில் இறங்குவதே மிகுதி. மின்சுற்றுப் பலகையில் வேண்டாத செம்பை இரசாயனக் கரைசலால் அரித்தெடுத்து, மீண்டும் மீண்டும் கழுவுகின்றனர். கழுவிய நீரில் செம்பும் அமிலமும் கலந்துவிடுகின்றன. அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் ஓர் இலத்திரனியல் ஆலையின் நிலத்தடித் தொட்டியிலிருந்து கசிந்த கரைப்பான், குடிநீர்க் கிணற்றில் கலந்திருப்பது 1981இல் வெளிப்பட்டது.

ஈயமில்லாப் பொருளையே செய்கிறோம் என்பர். ஐரோப்பிய ஒன்றியம் 2006 யூலை 1 முதல் ஈயம், பாதரசம், கட்மியம் உள்ளிட்ட ஆறு பொருள்களுக்கு எல்லை வகுத்தது. நல்ல சட்டமே! ஆயின், அது சந்தைக்கு வரும் பொருளைச் சோதிக்கும் சட்டம். பொருள் பிறந்த ஊரின் கிணற்றைச் சோதிக்கும் சட்டமன்று.

நம் வாவியை எண்ணிப் பாருங்கள். 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அதற்குக் கடல்வாய்கள் இரண்டே: பாலமீன்மடு ஒன்று, கல்லாறு மற்றொன்று. கோடையில் மணல்மேடு வாயை அடைத்துவிடும். அப்போது விழும் நஞ்சு வெளியேற வழி ஏது? எழுவான்கரையில் வலைவீசுபவனும் படுவான்கரையில் ஏர்பிடிப்பவனும் ஒருங்கே கேட்க வேண்டிய கேள்வி இது.

வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1956இல் தொடங்கியது. உழவரின் வைக்கோலுக்கு விலை தந்தது. பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதன் கழிவுநீரோ அயலிலுள்ள களப்பைச் சேர்ந்தது. ஆலையே வேண்டாம் என்பதன்று அது தரும் பாடம். கழிவுக்கு வழி வகுத்த பின்னரே ஆலைக்குக் கால்கோள் என்பதே பாடம்.

சட்டம் இல்லையா? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கின்றது. அது இருந்தும் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. வரலாற்றுத் தீர்ப்புத்தான். ஆனால், நட்டஈட்டைக் கிணற்றில் கொட்டினால் நீர் தெளியுமா?

எனவே, அனுமதிப்பத்திரம் கையெழுத்தாகுமுன் மூன்று நிபந்தனைகளைக் கேட்போம். ஆலை பயன்படுத்தும் இரசாயனங்களின் பட்டியல் தமிழில் வெளியிடப்படல் வேண்டும். செம்பைப் பிரித்தெடுத்து, கழுவுநீரை ஆலைக்குள்ளேயே மீண்டும் பயன்படுத்தல் வேண்டும். மாதந்தோறும் அயற்கிணறுகளையும் வாவி நீரையும் சோதித்து, முடிவுகளைப் பிரதேச செயலகத்தில் ஒட்டல் வேண்டும்.

இவற்றை ஏற்கும் ஆலைக்கு நாமே நிலம் காட்டுவோம். மறுக்கும் ஆலையிடம், மறுப்பதற்குக் காரணம் யாதென்று கேட்போம். வெள்ளம் வருமுன் அணை கோலுவது உழவன் அறிந்த நீதி. வாவியின் பொருட்டும் அந்நீதியையே கைக்கொள்வோமாக!