கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள்

(பட்டிமன்றத் தலைப்பு: ஊரின் அன்றாடத் தேவைகளைத் தீர்ப்பது பெரிய நிர்வாகத்தின் பலமா? வார்டு உறுப்பினரின் அருகாமையா? 'வார்டு உறுப்பினரின் அருகாமையே' என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் பைல் கட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். "2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக வளர்ந்தது. 155 வார்டு 200 ஆனது. சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் ஒன்றாகச் சேர்ந்தன. பெரிய கை, பெரிய பணம், பெரிய வேலை!" என்றார். கணக்கு சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அந்த 42-ல் எங்கள் திருவொற்றியூர் நகராட்சியும் ஒண்ணு. எண்ணூர்ப் பக்கத்துக் கத்திவாக்கம் நகராட்சியும் ஒண்ணு. அந்தப் பக்கத்தில் வாழ்கிறவள் என்ற உரிமையில்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

சேர்த்தபோது எங்களுக்கும் பெருமைதான். முதலாவது மண்டலம் எது? திருவொற்றியூர். முதலாவது வார்டு எங்கே? எண்ணூர்ப் பக்கத்தில். வரிசையில் நாங்கதான் முதல்! ஆனா வசதி பண்ணிக் கொடுக்கும்போது மட்டும் 200-ல இருந்து எண்ணிக்கிட்டு வர்றாங்களோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, கல்யாண வீட்டைப் பார்த்திருப்பீங்க. ஆயிரம் பேருக்குச் சமைக்கிறாங்க. பெரிய அடுப்பு, பெரிய அண்டா, தலைமைச் சமையல்காரர், அவருக்குக் கீழே இருபது பேர். எல்லாம் இருக்கு. ஆனா மூலையில ஒரு குழந்தை பசிச்சு அழுதா, அண்டாவா ஓடி வரும்? அம்மாதானே ஓடி வர்றா? அண்டா வேணாம்னு நான் சொல்லலை. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் மழைநீர் வடிகால் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,000 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் போட்டார்கள். அதைக் கத்திவாக்கம் நகராட்சியால் தனியாகப் போட்டிருக்க முடியாது. ஒத்துக்கிறேன். ஆனா அந்த வடிகாலுக்கு வெட்டின பள்ளத்துல எங்க தெருப் பிள்ளை சைக்கிளோட விழுந்தா, வங்கி வந்து தூக்குமா? (கைதட்டல்)

உள்ளாட்சி என்றால் என்ன வேலை? குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, கொசு மருந்து, பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், சுடுகாடு. பிறந்ததிலிருந்து போகிறவரைக்கும் நம்மோடு கூட வருகிற அரசாங்கம் இது ஒண்ணுதான். தில்லியில் ஆட்சி மாறினால் நமக்குப் பேப்பரில் தெரியும். தெருவில் மூணு நாள் குப்பை வண்டி வரலைன்னா மூக்குக்கே தெரியும்!

எதிரணி நண்பர் சொல்வார்: "அதுக்குத்தான் 1913-ன்னு போன் நம்பர் கொடுத்திருக்கோமே!" ஐயா, ரிப்பன் மாளிகையைத் திறந்த வருஷமும் 1913. நாங்க புகார் சொல்ற நம்பரும் 1913. சில நாள் நான் போன் பண்ணிட்டு லைன்ல காத்துக்கிட்டிருக்கும்போது, அந்த வருஷத்துக்கே போய்ட்டேனோன்னு தோணும். (சிரிப்பு)

சரி, விளையாட்டு போகட்டும். எங்க பக்கத்து ஒரு தெருவை எடுத்துக்குங்க. குப்பை மாநகராட்சி. குடிதண்ணியும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியம். கம்பத்து மேல எரியிற விளக்கு மாநகராட்சி, அதுக்கு வர்ற கரண்ட் மின்வாரியம். முனை திரும்பினா லாரி ஓடுற பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறை. கம்பெனி நாத்தம் வந்தா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒரு தெருவுக்கு இத்தனை எஜமான்! எங்க ஊர்ப் பாட்டி இருந்தா கேப்பாங்க: "ஏன் கண்ணு, இந்தக் குழியில வுழுந்தா எந்த ஆபீசாண்ட போய் அழறது?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற ஆளுக்குப் பேருதான் கவுன்சிலர். அவர் கையில எல்லா அதிகாரமும் இல்லை. எந்தக் கதவைத் தட்டணும், யாரைக் கூப்பிடணும்னு தெரியும். காலையில ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கலாம். தேர்தல்ல நம்ம ஓட்டு வேணுமே, அதனால அவர் எழுந்து வந்துதான் ஆகணும்!

அந்த ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும்? எங்களுக்குத் தெரியும். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் எப்போது? 2022 பிப்ரவரி. ஐந்து வருஷத்துக்கும் மேலே 200 நாற்காலியும் காலி! அந்த இடைவெளியில் என்ன வந்தது? 2020-ல் கொரோனா வந்தது. சென்னையிலேயே தொற்று அதிகமாக இருந்த மண்டலங்களில் எங்கள் ராயபுரம் முன்னால் நின்றது. அதிகாரிகள் உழைத்தார்கள். தூய்மைப் பணியாளர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக வந்தார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் தகரம் வைத்து அடைத்த தெருவுக்குள்ளே இருந்த மீனவக் குடும்பம், "மருந்து வாங்கணும், அரிசி வாங்கணும்" என்று உரிமையோடு சட்டையைப் பிடித்துக் கேட்க, ஓட்டுப் போட்டு அனுப்பிய வார்டு உறுப்பினர் ஒருவர் இல்லை. தூரத்துத் தண்ணீர் ஆபத்துக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

2023 டிசம்பரைப் பாருங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்துக்குள் வந்தது. படகில் எண்ணெய், வலையில் எண்ணெய், வீட்டுச் சுவரில் எண்ணெய். அந்தக் கறை காய்வதற்குள், 26-ஆம் தேதி நடு ராத்திரி, கடலுக்கடியில் போன அமோனியாக் குழாயில் கசிவு. பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சு முட்டி வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் எந்தச் சந்தில் படுத்த படுக்கையாய் ஒரு தாத்தா இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறாள் என்று எந்தப் பைல் சொல்லும்? பக்கத்தில் வாழ்கிற ஆளுக்குத்தான் அது தெரியும்!

இப்போது எதிரணி தன் கடைசி அம்பை எடுக்கும். "கவுன்சிலர் என்றாலே ஊழல்தானே அம்மா?" நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். 1973-ல் மஸ்டர் ரோல் ஊழலைச் சொல்லித்தான் சென்னை மாநகராட்சி மன்றத்தையே கலைத்தார்கள். அதற்குப் பிறகு 1996 வரைக்கும் தேர்தலே இல்லை. 23 வருஷம்! அதிகாரிகளே ஆண்டார்கள். அந்த 23 வருஷத்தில் சாக்கடை பன்னீராய் ஓடியதா? கூவம் மணத்ததா? (சிரிப்பு) வீட்டில் மருமகள் பால் கணக்கில் பத்து ரூபாய் தப்பு பண்ணினால் கணக்கு நோட்டைக் கேளுங்கள். அதற்காக அடுப்பையே அணைத்து வைப்பீர்களா?

கணக்குக் கேட்பது நமக்குப் புதுசா? ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், உத்திரமேரூரில் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊரை 30 குடும்பாகப் பிரித்து, குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவனுடைய சொந்தக்காரனும் வர முடியாது! ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்றெல்லாம் அன்றைக்கு இருந்தன. அன்றைய வாரியத்தில் குடும்புக்காரன் உட்கார்ந்தான். இன்றைய வாரியத்தில் யார் உட்கார்கிறார் என்று நமக்கே தெரியாது. ஆனால் அன்றைக்கு நிலம் இல்லாதவனுக்கு ஓலை இல்லை, பெண்ணுக்கும் ஓலை இல்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. குழாயடியில் குடத்தோடு நின்றவளே இப்போது மன்றத்தில் நின்று "தண்ணி எங்கே?" என்று கேட்கிறாள். அவள் கேட்டால் குரலில் சூடு இருக்குமா, இருக்காதா? (கைதட்டல்)

1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. மன்றத்தின் ஆயுள் ஐந்து வருஷம், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல். 2022-ல் வார்டுக் குழுவுக்கும் ஏரியா சபைக்கும் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. தாய்மார்களே, ஏரியா சபை கூடுகிறது என்று தெரிந்தால், அந்த ஒரு நாள் சீரியலை விட்டுவிட்டுப் போங்கள். மூணே மூணு கேள்வி கேளுங்கள். எங்க தெருவுக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க? எவ்வளவு செலவாச்சு? மிச்ச வேலை எப்போ முடியும்? பதிலை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு போங்கள்.

நடுவர் அவர்களே! பெரிய நிர்வாகம் வேண்டாம் என்பது எங்கள் கட்சி இல்லை. யானை பெரிசுதான், பலம் உள்ளதுதான். ஆனால் யானை எந்தத் தெருவில் திரும்பணும் என்று சொல்ல, அந்தத் தெருவில் பிறந்த பாகன் ஒருத்தன் கழுத்தில் உட்கார்ந்திருக்கணும். பாகன் இல்லாத யானை எவ்வளவு பெரிசோ, அவ்வளவு பயம்! ஆகவே, ஊரின் அன்றாடத் தேவையைத் தீர்ப்பது கூப்பிடு தூரத்தில் இருக்கிற வார்டு உறுப்பினரே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.